மூன்றேகால் மணி நேரக் கணக்கு

திருச்செங்கோடு,
ஆவணி 20

அன்பு மகள் சுகன்யாவுக்கு அப்பா பச்சமுத்து எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் சுகம், அங்கே வடகிழக்கு எல்லையில் தேசு மலைக்காற்றில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க அர்த்தநாரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, மழைக்காலம் என்பதால் போர் போடும் ரிக் வண்டிகள் எல்லாம் ஊரிலேயே நிற்கின்றன. போனில் பேசலாம்தான், ஆனால் நீ சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறாய், எனக்கும் தொண்டை வரை வந்தது உள்ளேயே போய்விடுகிறது.

சொல்லிவிடுகிறேன் சாமி. அண்ணன் கல்யாணத்துக்கு மூணு விமானம் மாறோணுங்கப்பா, மழை வந்தா நின்னுருமுங்க, நாலு நாள் முன்னாலயே கெளம்பறேன் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. சேலம் விமான நிலையம், தேசு விமான நிலையம் என்று செல்போனில் போட்டுப் பார்த்தேன், இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம் என்று வந்தது. சத்தீஸ்கர் வரைக்கும் ரிக் லாரி ஓட்டிச் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றவன் என்ற திமிர் எனக்கு. எனக்கே கணக்குச் சொல்றியா என்று உன்னை அதட்டி, கல்யாணத்துக்கு முதல்நாள் காலைக்கு நானே டிக்கெட் போட்டேன். மூன்று டிக்கெட்டாகத்தான் வருதுங்க என்று டிராவல்ஸ்காரர் சொன்னபோதும், இறங்கி ஏற எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று அவர் வாயை அடைத்தேன். எடுத்த வண்டியிலேயே வந்து இறங்குகிற லாரிப் புத்திதான் எனக்கு.

மழையில் விமானம் நின்று நீ கல்கத்தாவில் மாட்டிக்கொண்டு அழுதபோது இங்கே அண்ணன் காளிதாஸை இணைச்சீருக்கு உட்கார வைத்திருந்தார்கள். கூடப்பிறந்தவள் கூடையோடு நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டிக்கெட் போட்டவன் நான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேலைதானுங்க பெருசு என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா மகள் தீபிகாவை நிற்க வைத்துச் சீரை முடித்தார்கள். முகூர்த்தம் முடிந்து மாலையில் நீ வந்து சேர்ந்தபோது மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள், அண்ணன் உன் முகத்தையே பார்க்கவில்லை, அப்போதும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. பெற்ற மகள்மேல் பழி போட்டவன் நான், மன்னித்துக்கொள் சாமி.

இது வரை எழுதியதை இன்று காலை காளிதாஸிடம் படித்துக் காட்டினேன். ஏனுங்கப்பா, மூணு மாசமா அவ போனை நான் எடுக்கவே இல்லீங்களே என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். ஆவணி கடைசியில் நம் பங்காளி சின்னண்ணன் வீட்டு விசேஷத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும், அங்கேயும் நானே சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்தவளுக்கென்று கொடுத்த சீர்ச் சேலையைத் தீபிகா கட்டவில்லை, இது அக்காளுதுங்க பெரியப்பா என்று கொடுத்துவிட்டாள், பீரோவில் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடாமல் டூட்டிக்குப் போகாதே. நோய்நொடி இல்லாமல் நல்லா இரு சாமி.

உன் அப்பா,
பச்சமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் காளிதாஸ் திரும்பி வந்து, அந்தச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, தேசு போய்ச் சேர எத்தனை நாளாகுமுங்கப்பா என்று கேட்டான். எனக்குத் தெரியாது சாமி, உன் தங்கச்சியைக் கேள் என்றேன்.