மணியில் பதிந்த பல்

அன்பு மகள் வஸனுக்கு, பஸ்ராவிலிருந்து உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நான் எழுந்து நடமாடுகிறேன், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகைதோறும் கேட்கிறேன். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை, குழாயில் வருவது உப்புத் தண்ணீர்தான், முழங்கால் பரவாயில்லை. உன் தோழி ஹியாம் உங்கள் மால்மோவுக்குத் திரும்புகிறாள், பேரீச்சம்பழம் வைத்த கிலேச்சாவும் காய்ந்த எலுமிச்சையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன், கிலேச்சா பலகாரத்தை அடுப்பில் காட்டாமல் அப்படியே சாப்பிடு. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் இந்தக் காகிதம்.

வாப்பா ஓதி உருட்டிய அம்பர் மணித் தஸ்பீஹ் மாலையை விற்றுவிட்டேன் வஸன். அவர் மவுத்தானதிலிருந்து அது படுக்கையறை ஆணியிலேயே தொங்கியது, மின்விசிறிக் காற்றில் மணிகள் உரசும்போது அவர்தான் உட்கார்ந்து உருட்டுகிறார் என்று ஒரு கணம் தோன்றும், திரும்பிப் பார்த்தால் ஆணியும் மாலையும்தான். உருட்டுகிற ஒரு கைக்குப் போகட்டும் என்று நினைத்தேன். பழைய மணிகளைச் சேர்க்கிற அபூ ஃபவாஸ் என்பவரைக் குவைத்தில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு ஷைமாதான். விரிசல், துளை எல்லாம் தெரிகிற மாதிரி ஒவ்வொரு மணியையும் நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னார் அவர். ஷைமா என் போனில் பொத்தான் அளவு லென்ஸ் ஒன்றை மாட்டிவிட்டு, "ஃபிளாஷ் போட்டுடாதீங்க காலா, வெள்ளையா அடிச்சிடும், ஜன்னல் பக்கம் வச்சு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுங்க, உங்களுக்குத்தான் மூச்சு விடாம பேசத் தெரியுமே" என்று கிண்டல் வேறு. அரிசி டின்மேல் முழங்கையை ஊன்றி எடுத்தேன். கொஞ்சம் நெருங்கினால் மங்குகிறது, விலகினாலும் மங்குகிறது, சரியாக வந்தால் போனின் நிழலே மணிமேல் விழுகிறது. கடலைப் பருப்பு அளவு மணிக்குள் குமிழியும் தூசியும் மேகமுமாக இவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது. ஆனால் முடித்தால் போதும் என்று கண்ணாடிகூடப் போடாமல் எல்லாவற்றையும் அனுப்பினேன்.

அபூ ஃபவாஸ் உற்றுப் பார்த்திருக்கிறார். "உம்மு வஸன், ஒரு மணியில ரெண்டு சின்னப் பள்ளம் இருக்கே, கீழ விழுந்துதா?" என்று கேட்டார். நானோ படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "அது ஒண்ணுமில்ல, மெருகு போட்டா போயிடும்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

மாலை குவைத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் மதியம் படங்களை அழிக்க உட்கார்ந்தேன், அப்போது கண்ணாடி போட்டிருந்தேன். அந்த மணி வந்தது. அரிசி முனையால் குத்தியது போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். விரலால் பெரிதாக்கினேன். உனக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்த காலம், வாப்பா மடியில் உட்கார்ந்து அந்த மணியைத்தான் கடித்துக் கடித்து எச்சிலாக்குவாய். கடைத்தெரு ஹாஜி பள்ளத்தைத் தேய்த்துத் தருகிறேன் என்று கை நீட்டியபோது வாப்பா மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன், அது என் மக போட்ட முத்திரை" என்றார். கடைசிவரை அவர் கட்டைவிரல் அங்கேதான் நிற்கும். எனக்கு எப்படி மறந்தது?

உடனே அபூ ஃபவாஸைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேனே தாயி, போன வாரமே மெருகு போட்டாச்சு. மாலையைத் திருப்பி அனுப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். பள்ளம் போன மணியை வைத்துக்கொண்டு நான் எங்கே தடவுவது? உருட்டும்போது வாப்பாவுக்காக ஒரு துஆ செய்யுங்கள் என்று மட்டும் கேட்டேன், செய்வதாகச் சொன்னார்.

"நிஜத்தைவிடப் பெருசா படம் இருக்கே காலா" என்று ஷைமா ஆறுதல் சொல்கிறாள். இருக்கிறதுதான். விரலால் தடவினால் போன் கண்ணாடிதான் வழுக்குகிறது. உனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார், என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

உன்னையும் உன் வீட்டையும் அல்லாஹ் தன் காவலில் வைத்திருக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்றாயே, வாயில் மணி கிணி கொடுத்துவிடாதே, தொண்டையில் போய்விடும். ஆனால் மரக் கரண்டியோ மேஜை விளிம்போ எதையாவது கடித்து வைத்தால், கீறல் விழுந்தது என்று தேய்த்துவிடாதே மகளே.

உன் உம்மா
நஜீஹா