லேமினேஷன் செய்த ஃப்ளாப்பி

10-7-89, திங்கள்

காலையிலிருந்து காற்று. மேசையை மூன்று முறை துடைத்தாயிற்று, இன்னும் தூசி.

இன்ஸ்டிடியூட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வாரம். பதினொரு பெண்கள் அதற்காகவே டைப்ரைட்டிங்கை விட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு தொடங்கியாக வேண்டும். அடுத்த வாரம் ஆடி, யாரும் புதிதாக எதிலும் சேர மாட்டார்கள். ஆடி முடிவதற்குள் பதினொன்றும் எதிர் வரிசை இன்ஸ்டிடியூட்டில் சேரப் பேசி வைத்துவிடும்.

புதன்கிழமை சேலத்திலிருந்து என்ஜினியர் வந்து ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்வார். அதற்கான ஃப்ளாப்பி ஒன்றே ஒன்று. கறுப்பு, அப்பளம் போல மெலிசு. இந்தத் தூசியில் அதைச் சும்மா வைப்பதா?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் புது லேமினேஷன் கடை. கொடுத்தவை:
1. என் மெட்ரிக் சர்டிபிகேட்
2. என் வீட்டுக்காரருடைய போட்டோ
3. ஃப்ளாப்பி

கடைக்காரர் தயங்கினார். "இது சூட்டுல போயிருமுங்க." நாலு பக்கமும் கால் அங்குலம் ஓரம் விடுங்கள் என்றேன். கூட வந்த ஷகிலா, பன்னிரண்டு வருஷமாக என்னிடம் டீச்சர், செய்யக்கூடாதது எல்லாம் ஃப்ளாப்பியின் உறையிலேயே படம் போட்டிருக்கிறது என்றாள். படம் பார்த்துப் படிக்க நான் என்ன ஒன்றாம் வகுப்பா?

வேலை சுத்தம். கண்ணாடி மாதிரி. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

12-7-89, புதன்

காற்று. என்ஜினியர் 11.10க்கு. சொன்னது 10. ஷூவோடு உள்ளே.

ஃப்ளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். உள்ளே இருந்தது அத்தனையும் போயிற்றாம். இனி விசிறிக்கொள்ளத்தான் ஆகுமாம்.

"யாருங்க பண்ணது?" கண் ஷ. மேல்.

"நிர்வாகம்" என்றேன்.

நிர்வாகம் நான் ஒருத்திதான். அது அவருக்குத் தெரியாது. ஷ. தரையைப் பார்த்தாள். நிர்வாகம் யாரென்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வேறு ஃப்ளாப்பி கொண்டுவருகிறார்.

13-7-89, வியாழன்

பாலில் தண்ணீர். முழங்கால் வலி.

பாலக்கோட்டிலிருந்து வரும் பெண்ணின் தாயார் வந்தார். ஷகிலா டீச்சர் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டதாக பஸ்ஸில் பேச்சாம். "அந்தம்மாதான் சொல்லிக் குடுக்கறதுன்னா எங்க புள்ள வேணாமுங்க." நாளைக்கு வாருங்கள் என்றேன். ஷ. அடுத்த அறையில் கார்பன் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

கான்வென்ட்டில் பொய் சொன்னால் முட்டி போட வேண்டும். 'நிர்வாகம்' பொய் அல்ல. எப்படி யோசித்தாலும் பொய் அல்ல.

ரசத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

14-7-89, வெள்ளி

காற்று நின்றது. பதினொரு பெண்கள், மூன்று தாயார்கள். என்ஜினியர் 10.05. ஷூ வெளியே.

புது ஃப்ளாப்பியை நுழைத்தார். ஷ. எட்டிப் பார்த்தாள்.

"அந்தம்மா கை படாம பாத்துக்குங்க, மேடம்" என்றார் என்ஜினியர் என்னிடம்.

யாரோ சிரித்தார்கள்.

எழுந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டேன், முகங்கள் தெரியாமல் இருக்கட்டும் என்று. லேமினேஷன் செய்தது நான். கடைக்காரர் சொல்லியும், உறைப் படத்தைப் பற்றி ஷகிலா சொல்லியும் கேட்காதது நான். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை சொன்னேன்.

பாலக்கோட்டு அம்மாள் மட்டும் வாயைத் திறந்தார். "இத்தன இங்கிலீசு படிச்சும் அந்தப் படத்தப் பாக்கலீங்களா நீங்க?"

அவர் பெண் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

திரையில் கேள்வி: இதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? என்ஜினியர் என்னைக் கீயை அழுத்தச் சொன்னார். நான் ஷகிலாவை அழுத்தச் சொன்னேன். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். கரகரவென்று வெகுநேரம் ஓடிற்று.

ஃப்ளாப்பியை எங்கே வைப்பது என்றாள். பீரோவில் என்றேன். வைத்தாள், பூட்டினாள், சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

சாவியை நான் திருப்பிக் கேட்கவில்லை.