உலர் அறையின் கதவு

வெள்ளி, இரவு.

லித்தியத்துக்குப் பதில் சோடியம் வைத்துச் செய்த பேட்டரிகள் இன்று வீங்கிப்போயின. காற்றில் ஈரமே இருக்கக்கூடாத உலர் அறைக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் செல்விதான் கதவைத் திறந்துபோட்டாள் என்று சொல்லி, இனி வரவேண்டாம் என்றுவிட்டார் மேலாளர்.

“நானு தொறக்கலீங்க. சாருக்குத் தெரியுமுங்க,” என்று என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று, கொட்டும் மழையில், உள்ளே இருக்கும் மெஷினுக்கும் பூசாரி சூடம் காட்டட்டும் என்று அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான். வாயைத் திறக்கவில்லை.

சூரமங்கலம் பஸ் ஏறும் முன் ஒரு பொட்டலம் கொடுத்தாள். “பூஜைப் பொரிங்க சார். நமத்துப் போறதுக்குள்ள சாப்புட்டுப்போடுங்க.”

இப்போதுதான் பிரித்தேன். இரண்டு பைக்குள் போட்டு, காற்றுப் புகாமல் முடிந்திருக்கிறாள். மழை விடவே இல்லை. பொரி இன்னும் மொறுமொறுவென்று இருக்கிறது.