நாற்காலியை முதலில் தள்ளியது யார்

கொக்குவில்
12.02.2025

அன்பான றொசாந்தி,

சுகமாக இருக்கிறாயா? கொழும்பு அலுவலகத்தில் உனக்கு மூச்சுவிட நேரமில்லையாக்கும். வாட்ஸ்அப்பில் நீ பதில் போடாததால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் குருநகர்க் கரைப் பூங்கா முக்கால்வாசி முடிந்துவிட்டது. பூவரசங் கன்றுகள் துளிர்த்துவிட்டன. வலை காயப்போடும் இடத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் பிள்ளைகளுக்கு வள்ளம் போல ஊஞ்சல் வைத்திருக்கிறோம். சக்கர நாற்காலியோடு ஏறி ஆடவும் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் இறங்கும் சாய்வுப் பாதைக்குத்தான் கைபிடிக் கம்பி இன்னும் பூட்டவில்லை.

நேற்று அந்தப் பாதையைச் சோதிக்க உன் கிறிஸ்ரோபர் அண்ணையைக் கூட்டிப் போனேன். அவருடைய சக்கர நாற்காலியை நான்தான் தள்ளினேன். சில்லு நனைந்ததும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, "உப்புக் கூடிப்போச்சு பிள்ளை" என்று சிரித்தார். திறப்பு விழாவுக்குக் கட்டாயம் வா.

அன்புடன்,
தனுசியா

கொழும்பு
17.02.2025

தனுசியாவுக்கு,

அந்தப் பூங்காவின் வடிவமைப்புப் போட்டிக்கு நானும் வரைபடம் கொடுத்தேன். உன்னுடையதைத் தெரிந்தெடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் உன்னை வாழ்த்தினேன். அது நான் பிறந்த கரை. உனக்கு நீந்தக்கூடத் தெரியாது.

அதையும் விழுங்கிவிட்டேன். இதை விழுங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் புது வள்ளம் இறக்கினால் தங்கச்சிதான் முதலில் கைவைத்துத் தள்ளவேண்டும். அண்ணையின் வள்ளத்தை நான் தள்ளினேன். கால்கள் போய் அவர் கட்டிலில் கிடந்தபோது, "உங்களைத் திரும்பக் கடலுக்கை இறக்கிறது நான்தான்" என்று சொன்னேன். இந்த வடிவமைப்புப் படிப்பைப் படித்ததே அதற்காகத்தான். நீ ஒரு பின்னேரத்தில் தள்ளி முடித்துவிட்டாய்.

எனக்கு வயிறு எரிகிறது. பொறாமை என்றே வைத்துக்கொள். விழாவுக்கு வரமாட்டேன்.

றொசாந்தி

கொக்குவில்
24.02.2025

றொசாந்தி,

உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது. கடலே இல்லாத கொக்குவில்காரிக்கு வள்ளத்தைப் பற்றி யார் சொல்லித் தந்தார்கள்? தெரிந்திருந்தால் நாற்காலியைத் தொட்டிருக்கமாட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்று கேள். நான் தள்ளிக்கொண்டு போக, அண்ணை வழி முழுக்க உன் கதைதான் கதைத்தார். "றொசாந்தி எண்டால் இந்த வளைவை இன்னும் வடிவாய்ப் போட்டிருப்பாள்" என்றார். வெயிலில் நின்று காய்ந்தவள் நான், பெயர் உனக்கு. எனக்கு மட்டும் எரியாதா?

கம்பி பூட்டியாயிற்று. நீ வந்தால்தான் இனி இறங்குவாராம். ஒற்றைப்பிடியாக இருக்கிறார். அவருக்காக வா. நான் அந்தப் பக்கம் தலை காட்டமாட்டேன்.

தனுசியா

குருநகர்
09.03.2025

அன்பான தனுசியா,

நேற்றுப் பூங்காவுக்கு வந்தேன். குறை பிடிக்க அளவுநாடாவும் கொண்டுவந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அந்த ஆத்திரம் வேறு.

அண்ணையைச் சாய்வின் உச்சிக்குக் கொண்டுபோய், சிலுவை அடையாளம் போட்டு, நாற்காலியில் கைவைத்தேன்.

"கையை எடு பிள்ளை" என்றார்.

"விழுந்திடுவியள் அண்ணை."

"கம்பி இருக்கெல்லே? நானே போறன். அதைக் காட்டத்தான் நீ வருமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான்."

கம்பியைப் பிடித்துப் பிடித்து, மடி நனையுமட்டும் தானே போனார். திரும்பியும் பார்க்கவில்லை. நான் வெறுங்கையோடு மேலே நின்று அழுதேன். அந்த நேரம் என் பொறாமை உன்மேல் இல்லை, அந்தக் கம்பிமேல். அதைப் பூட்டியவளும் நீதான்.

இன்றைக்கும் விடிந்தவுடன் போய் இறங்கிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் ஏறுகிறாரில்லை. நான் சொல்லிக் கேட்கமாட்டார். நீ வந்து ஒருக்கால் கூப்பிட்டுப் பார்.

உன்,
றொசாந்தி