மேனேஜரின் அறையைத் திறப்பது பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறோம், நம்புவதற்குச் செலவில்லை. நாங்கள் இருவரும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். போனில் சொல்லாமல் எழுதுகிறாரே என்று பார்க்காதே. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று நான் மறந்த சொற்களை எடுத்துக் கொடுப்பாள், இதுவோ அவள் காதில் விழக்கூடாத விஷயம். எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன், படித்துவிட்டு அழித்துவிடு.

மேனேஜர் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த வாரம் நீ கேட்டபோதெல்லாம் அம்மா "தூங்குதுடி" என்று சொன்னது ஒருவகையில் பொய்யில்லை. ஒரு கினிப்பன்றிக்கு அந்தப் பெயரை நீ வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அதனுடன் ஒரே வீட்டில் இருந்தபோதுதான் உன் கணிப்பு புரிந்தது. உட்கார்ந்த இடத்தில் தின்பது, ஒரு வேலையும் செய்யாமலிருப்பது, யாராவது ஃபிரிட்ஜைத் திறந்தால் மட்டும் விசிலடித்து அதட்டுவது. என் அச்சகத்திலும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு விசில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். உன் அம்மா அதற்கு வெள்ளரிக்காய் நறுக்கிய பதத்தில் எனக்கு ஒருநாளும் நறுக்கியதில்லை. இப்போதும் நறுக்குகிறாள், நறுக்கிய பிறகு தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் எடுத்துத் தின்றுவிடுகிறேன், வேறென்ன செய்வது.

குளிர் ஆரம்பித்ததும் மிருக வைத்தியர் அதற்குக் காற்று படக்கூடாது என்றார். அவர் சொன்னது ஒரு வரி, உன் அம்மா அதற்கு உரை எழுதிவிட்டாள். உன் அறையில்தான் கூண்டு. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப், அறையை ஒட்டிய குளியலறையின் வென்டிலேட்டரிலிருந்து சில்லென்று வருகிறது என்று அங்கே அட்டை, அதன்மேல் டேப். ஒரு எறும்பு வெளியே போக வேண்டுமென்றாலும் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மேனேஜர் சோர்ந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தாலும் விசில் இல்லை. குளிர்தான் காரணம் என்று இன்னும் டேப். கூண்டுக்கடியில் வைக்க வெந்நீர்ப் பை, பை ஆறினால் மறுபடி வெந்நீர், வெந்நீருக்காக அந்தக் குளியலறை கேஸ் ஹீட்டர் நாளெல்லாம் எரிந்தது. அவள் எவ்வளவு கவனித்தாளோ அது அவ்வளவு வேகமாகத் தேய்ந்தது.

செத்ததைத் துண்டில் சுற்றி வைத்தியரிடம் கொண்டுபோனேன், ஏன் என்று தெரிந்தால் அவளுக்கு மனம் ஆறும் என்று. அவர் பார்த்துவிட்டு, "மூடின ரூம்ல கேஸ் ஏதாவது எரியுதா சார்?" என்றார். நான் அடுப்பை நினைத்துக்கொண்டு இல்லை என்று அடித்துச் சொன்னேன். பாதி வழியில்தான் ஹீட்டர் ஞாபகம் வந்தது. அதன் விஷப்புகைக்கு நிறமில்லை, வாசனையில்லை, போக ஒரே வழி நாங்கள் அட்டை வைத்து அடைத்த அந்த வென்டிலேட்டர்.

அன்றிலிருந்து அவள் உன் அறையில்தான் படுக்கிறாள். காலையில் தலைவலி, அதற்கு வெந்நீர்ப் பை, பைக்கு மறுபடி அதே ஹீட்டர். மயக்கம், வைத்த இடம் மறக்கிறது. கடைத்தெருவுக்குப் போனால் எல்லாம் விட்டுப்போகிறது, வீடு திரும்பினால் மறுபடி வருகிறது. "துக்கம் வீட்டுலதானே இருக்கு, கடைத்தெருவுலயா இருக்கும்?" என்கிறாள். துக்கம் விசாரிக்க வந்த உன் அத்தை, "அழுது அழுது கன்னம் சிவந்துபோச்சு அண்ணிக்கு, ஆனா பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு இருந்த களை" என்று பாராட்டிவிட்டுப் போனாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் புகை ஏற்றும் சிவப்பைத் துண்டுக்குள் ஒரு சின்ன மூக்கில் பார்த்திருந்தேன்.

டேப்பைக் கிழித்தேன். "அது படுத்த வைக்கோல் வாசம் கொஞ்சம் மிச்சமிருக்கு, அதையும் தொரத்தணுமா உங்களுக்கு?" என்று மறுபடி ஒட்டினாள். வால்வை மூடி, ஹீட்டர் பழுது என்றேன். நேற்று நான் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது போன் செய்து, "ரிப்பேருமில்ல ஒண்ணுமில்ல. ஒரு திருகைத் திருப்பத் தெரியாத மனுஷனுக்கு வாக்கப்பட்டேன்" என்று வெற்றிச் செய்தி சொன்னாள். காரணத்தை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் கதவு திறந்துவிடும், ஆனால் அதைக் கொன்றது குளிரல்ல, தன் கையால் ஒட்டிய டேப்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளை பறந்துபோன பிறகு அவள் மடியில் வைத்து வளர்த்த ஜீவன் அது. ஆகவே நீ ஏதாவது நல்ல பொய் சொல்லி அவளை அந்த அறையிலிருந்து கிளப்பு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நீ சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்று லீவு போட்டுவிட்டேன். வால்வை மூடி, உன் அறைக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுத்தான் கூடத்தில் எழுத உட்கார்ந்தேன். பொய்யைத் தேடுவதில் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே ஹீட்டர் இரைகிறது, தலைவலிக்கு வெந்நீர்ப் பை நிரப்புகிறாள் போலிருக்கிறது. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்ட பிறகுதான் "ம்" என்றாள். என் பெண்டாட்டி என்னிடம் ஒற்றை எழுத்தில் பேசியதே கிடையாது.

பொய் வேண்டாம். இதோ எழுந்துவிட்டேன், அவளை வாசலுக்கு இழுத்து வந்து உண்மையைச் சொல்லப் போகிறேன். டேப் வாங்கி வந்தது நான், சுருள் சுருளாக, என்பதையும் சேர்த்துத்தான். உயிரோடிருந்து என்னைத் திட்டட்டும். அழுதுகொண்டு உன்னைக் கூப்பிடுவாள், எந்த வேலையிலிருந்தாலும் எடு. அவள் கூப்பிடாவிட்டால் நீ கூப்பிடு, எடுக்கும்வரை கூப்பிடு. தீர்க்காயுசாக இரு கண்ணு. அங்கே நீ தங்கியிருக்கும் அறையில் ஒரு ஜன்னலையாவது திறந்து வை.

அப்பா