பொத்தானுக்குள் அடங்காத எழுத்து

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் உருவாக்கும் கணினி விளையாட்டில் எழுத்தெல்லாம் படங்களாக இருந்ததால் பெரிய திரையில் மங்கியது. அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எழுத்துருவாக மாற்றினேன். நேற்று மேலதிகாரிக்குக் காட்டியபோது எழுத்து பெரிதானது, அது இருக்கும் திரைப் பொத்தான் பெரிதாகவில்லை. ‘வெளியேறு’ என்பதில் ‘வெளி’ மட்டுமே தெரிந்தது.

“ஏம்மா, இதுலேர்ந்து வெளிய போக வழியே இல்லையா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டு, ஊருக்கு வர லீவு கேட்டேன். “பாக்கலாம்மா” என்றார். அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பாப்பா படத்தைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. சுருக்காமல் அனுப்புங்கள். முன்பல் விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி