கறியை விட்டவர் மாத்திரையையும் விட்டார்

ஆவூர்

அன்பு மகன் லியோனுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையில் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீயும் ரீட்டாவும் குட்டி டயானாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், முழுசாகப் படி. கொழுப்பு மாத்திரையை நீ நிறுத்திவிட்டாய் என்று உன் பெண்டாட்டி போனில் அழுகிறாள். ஏதோ ஜீன் டெஸ்ட் எடுத்தாயாம், வயதான காலத்தில் மறதி நோய் வர வாய்ப்பு அதிகம் என்று வந்ததாம், "அப்பா ரத்தம், வாரது வந்தே தீரும், மாத்திரை எதுக்கு"ன்னு சொன்னாயாம். ஏன்டா, இதைப் பேசத்தான் உன்னைப் படிக்க வைத்து அயர்லாந்துக்கு அனுப்பினோமா?

உன் அப்பா பண்ணின கூத்து உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தவக்காலமும் கறி மீனோடு கொழுப்பு மாத்திரையையும் நிறுத்திவிடுவார். கேட்டால், "கறியே திங்கலை, கொழுப்பு எங்கிட்டுடி ஏறும்"னு என் மேல் பாய்வார். ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறிக்கு முதல் ஆளாக உட்காருவார், மாத்திரை மட்டும் டப்பாவிலேயே கிடக்கும். போன ஞாயிறு பூசை முடிந்து ஆளைக் காணோம். கீரனூரில் நின்ற பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இது என் வண்டி, சாவியைக் கொண்டாங்கடா"ன்னு ரகளை. டிரைவர் வேலையிலிருந்து ரிட்டயர்டாகிப் பல வருஷமாச்சு. கூட வேலை பார்த்த கண்டக்டர் செல்லமுத்து அண்ணன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அப்பா மூளைக்குப் போகிற சின்ன ரத்தக்குழாய்கள் அங்கங்கே அடைத்திருக்கிறதாம், அதில்தான் மறதி வந்ததாம், ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார். மாத்திரையை விட்டதால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். உன் டெஸ்ட்டைப் பற்றியும் கேட்டேன். "ஜீனை மாத்த முடியாதும்மா, கொழுப்பைக் கொறைக்கலாம்ல. மறதி வரவே வராதுன்னு நான் சொல்லலை, ஆனா மொதல்ல நெஞ்சாவது தப்பிக்கும்ல, மாத்திரையைப் போடச் சொல்லுங்க"ன்னார். அப்பா விவரம் தெரியாமல் விட்டார். நீ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விடுகிறாய். எத்தனை பிள்ளைகள் என்று டாக்டரம்மா அப்பாவிடம் கேட்டதற்கு, "பிள்ளை இல்லீங்க" என்றார். உன்னைத் தோளை விட்டு இறக்காத மனுஷன். அவர் உன்னை மறந்தது நோய். நாளைக்கு நீ டயானாவை மறந்தால் அதை நோய் என்று நான் சொல்லமாட்டேன், திமிர் என்றுதான் சொல்வேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் டாக்டரைப் பார்த்து மாத்திரையை ஆரம்பி. ஆரம்பித்ததை ரீட்டா எனக்குப் போனில் சொல்லட்டும், உன் பேச்சை நான் நம்பமாட்டேன்.

கோபம் தீராத உன் அம்மா,
அடைக்கலமேரி